மூலைக்கு மூலை நாற்பத்திரண்டு இஞ்சு

ராயப்பன்பட்டி அமிர்தராஜ் தாலியை உரசிப் பார்த்துவிட்டுத்தான் பாக்கியத்தின் கழுத்தில் கட்டினார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். உரசிப் பார்த்தது முதல் நாள், பத்தர் கடையில் வைத்து. கோயிலுக்குள் அவர் அப்படியெல்லாம் நடந்துகொள்கிறவர் இல்லை.

மனுசனைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை. முப்பது வருசமாகப் பன்னீர் திராட்சை போட்டவர். திராட்சைப் பெட்டியில் மேலடுக்கில் கண்ணைப் பறிக்கிற குலைகளாக இருக்கும், வெடித்ததும் வெம்பியதும் அடியடுக்கில் கிடக்கும். இது தரகருக்குத் தெரியும், அதனால் கழிவு என்று சொல்லி எடையில் பிடிப்பார். பிடிப்பார் என்பது தோட்டக்காரருக்குத் தெரியும், அதனால் அடியில் இன்னும் இரண்டு வெம்பலைச் சேர்த்துப் போடுவார். இப்படி இரண்டு பக்கமும் கொஞ்சமும் நம்பாமல் ஒழுங்காக நடந்துவருகிற வியாபாரம் அது. அதிலிருந்து அமிர்தராஜ் படித்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: எதை வாங்கினாலும் அடியைப் பார். சேலை எடுக்கப் போனால் அடுக்கின் அடியிலிருந்து உருவச் சொல்வார். இட்லிக் கடையிலும் கீழ்த்தட்டு இட்லிதான் கேட்பார்.

அப்பேர்ப்பட்டவர் 2008 ஐப்பசியில் ஒரு டிவி வாங்க வேண்டியதாகப் போயிற்று.

காரணம் மகன் பிரான்சிஸ். ராணுவத்தில் இருக்கிறான், ஊருக்கு வந்து இரண்டு வருசமாகிறது. வருகிற ஜனவரி இருபத்தாறாம் தேதி டெல்லி அணிவகுப்பில் அவன் படைப்பிரிவும் நடக்கிறது, நூற்று நாற்பத்து நாலு பேரில் அவனும் ஒருத்தன் என்று போனில் சொன்னான். எந்த வரிசை என்பதைக் கடைசியில்தான் சொல்வார்களாம். பாக்கியம் அழுதாள், சிரித்தாள், மெழுகுவர்த்தியோடு கோயிலுக்கு ஓடினாள். திரும்பி வந்ததும் வீட்டு டிவி அவள் கண்ணில் பட்டது. பிரான்சிஸ் பள்ளிக்கூடம் போகும்போது வாங்கியது. அதில் யார் வந்தாலும் முகம் பச்சையாக இருக்கும், பட்டாளம் நடந்தால் எறும்புச் சாரை போகிற மாதிரி இருக்கும்.

"எம்புள்ள மொகம் எனக்குத் தெரியணும். இத்தன வருசத்துல உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல" என்றாள் புருசனிடம். அது உண்மை. கேட்டால் பொருளோடு சேர்த்து ஆறு மாத விசாரணையும் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

உத்தமபாளையத்தில் இம்மானுவேல் கடைச் சுவரில் ஒரு பிளாஸ்மா டிவி மாட்டியிருந்தது. நாற்பத்திரண்டு இஞ்சு, ஹை டெபனிஷன். உள்ளே ஒரு மீன் நீந்திக்கொண்டிருந்தது, செதிலை எண்ணலாம். மீன் போய்க் கிளி வந்தது. கிளி போய் இலைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. அமிர்தராஜ் அரைமணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, இதெல்லாம் மேலடுக்கு, அடியடுக்கைக் காட்டு என்றார்.

இம்மானுவேல் முழித்தான். எங்கள் வீட்டுக்கு மீனும் கிளியும் வராது, செய்திதான் வரும், அதைப் போடு என்று அவர் விளக்கிச் சொன்னார். கேபிள் வயரைச் சொருகியதும் செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி ஊறிப்போய்த் தெரிந்தது. இம்மானுவேல் யோக்கியமான பையன். "உள்ள என்ன வருதோ அதத்தான் பெரியப்பா இது காட்டும். நம்ம கேபிள்ல அந்தத் தெளிவு இன்னும் வரல. ஆனா உங்க பழசுக்கு இது எவ்வளவோ தேவல. மொகம் நல்லாத் தெரியும்" என்றான்.

வினை இங்கேதான் வந்தது. கடைக்காரன் தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிறான்! அமிர்தராஜ் தன் ஆயுசில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பொய் சொல்லியிருந்தால் பாதியைக் கழித்துவிட்டு அன்றைக்கே வாங்கியிருப்பார். உண்மையைச் சொல்கிறான் என்றால் அதற்கும் அடியில் எவ்வளவு பெரிய சூது கிடக்கும்? அதுவும் சொந்த ஊர்க்காரன், ஒரே பங்குக் கோயிலில் பூசை காண்கிறவன். வீட்டுக்குத் திரும்புகிற பஸ் முழுக்க யோசித்தார். மறுநாள் காலையில் பேரவையின் படியேறினார்.

கம்பம் பள்ளத்தாக்கு நுகர்வோர் விழிப்புணர்வுப் பேரவை உத்தமபாளையத்தில் ஓர் அரிசி மில்லின் மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை வாசலைவிட அகலம் என்பதால் 'பேர' வரைக்கும் ஒரு சுவரிலும் மீதி அடுத்த சுவரிலும் இருக்கும். தலைவர் சின்னச்சாமி எடைக்கற்களுக்கு முத்திரை போடும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் முத்திரை போடாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை, அதனால் பேரவையை ஆரம்பித்தார். செயலாளர் கிருபாவதி தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். கூட்டத்தில் யாராவது கொட்டாவி விட்டால்கூட அதைத் தீர்மானமாக்கி மூன்று நகல் எடுத்துவிடுவார்.

உறுப்பினராகச் சேர்கிறவர் முதலில் ஐயப் படிவம் என்ற ஒன்றை நிரப்ப வேண்டும். ஒரு பொருளின் மேல் வரக்கூடிய சந்தேகங்களைப் பேரவை பதினெட்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தது. எது எது உண்டோ அதற்கு நேராக டிக் போட வேண்டும். அமிர்தராஜ் பதினெட்டுக்கும் டிக் போட்டார். படிவத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தப் படிவத்தின் மேல் வருகிற சந்தேகத்தை எங்கே எழுதுவது என்று கேட்டார். சின்னச்சாமி நாற்காலியை விட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினோரு வருசத்தில் இப்படி ஓர் உறுப்பினர் கிடைத்ததில்லை என்று குரல் தழுதழுத்தது.

அந்த வாரமே பேரவை கடைக்குப் போயிற்று. மொத்தம் இருபத்திரண்டு பேர், கையில் டார்ச் லைட்டும் அளவுநாடாவும். சின்னச்சாமி டிவியை இடமிருந்து வலமாக அளந்தார். முப்பத்தாறரை இஞ்சு. இன்னொரு தடவை அளந்தார். முப்பத்தாறரைதான். இம்மானுவேல் பவ்வியமாக, டிவியை அப்படி அளக்கமாட்டார்கள் அய்யா, மூலைக்கு மூலை அளந்தால் நாற்பத்திரண்டு சரியாக வரும், உலகம் முழுக்க அப்படித்தான் என்றான்.

"அப்ப உலகம் முழுக்க ஏமாந்துகிட்டு இருக்கு" என்றார் சின்னச்சாமி. தோட்டத்தை எவனாவது மூலைக்கு மூலை அளந்து விற்பானா, வேட்டியை மூலைக்கு மூலை அளந்து கொடுத்தால் இடுப்பில் நிற்குமா என்று கேட்டார். கிருபாவதி அங்கேயே நின்றபடி தீர்மானம் எழுதினார்: தொலைக்காட்சிப் பெட்டிகளைக் குறுக்காக அளக்கும் வழக்கம் நுகர்வோருக்கு எதிரானது, உலக நாடுகள் இதை உடனே கைவிட வேண்டும். நகல் கலெக்டருக்கும் போயிற்று.

அமிர்தராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் ஜாதி சனத்தை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிற நிறைவு அது.

அடுத்தது நிறச் சோதனை. பிளாஸ்மாவில் கருப்பு நிறம் அசல் கருப்பாக இருக்கும் என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தது. சரிபார்ப்பதற்காக ஓர் உறுப்பினர் தன் குடையை விரித்து டிவி பக்கத்தில் பிடித்தார். குடைதான் வெளுத்துத் தெரிந்தது. உடனே அவர் அந்தக் குடையை விற்ற கடைமேல் ஒரு புகார் கொடுத்தார். குடைப் புகாரை விசாரித்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அதுவரைக்கும் டிவி விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

கார்த்திகையும் போய்விட்டது. பாக்கியம் தினமும் சோறு போடும்போது அணிவகுப்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் சொல்வாள். ஐம்பத்திரண்டு நாள் இருக்கு. நாப்பத்தாறு நாள் இருக்கு.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பேரவை ஒருவழியாக அனுமதி கொடுத்தது. கடையின் சரக்குக் கிட்டங்கியில் கடைசி மூலையிலிருந்த பெட்டியைத்தான் அமிர்தராஜ் எடுக்கச் சொன்னார். பெட்டியை வண்டியில் ஏற்றும்போது இம்மானுவேல் இரண்டு தடவை சொன்னான்: "நிக்க வச்சே கொண்டு போங்க பெரியப்பா. படுக்கப் போட்டுறாதீக, கண்ணாடி தாங்காது." பெட்டியிலும் மேலே பார்த்து அம்புக்குறி போட்டிருந்தது.

அமிர்தராஜ் சின்னச்சாமியைப் பார்த்தார். சின்னச்சாமி அமிர்தராஜைப் பார்த்தார். ஏன் படுக்கப் போடக் கூடாது? அடியில் என்ன இருக்கிறது?

பேரவை விதிப்படி உறுப்பினர் வாங்குகிற மின்சாதனம் நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. பேரவை மண்டபத்தில் இருபத்து நாலு மணி நேரம் விடாமல் ஓட வேண்டும், அதன் பிறகே வீடு. ஒப்பிட்டுப் பார்க்க வீட்டிலிருக்கும் பழைய டிவியும் வேண்டும் என்றார்கள். அதையும் அமிர்தராஜே தூக்கிவந்து கொடுத்தார். பாக்கியம் டிவி இருந்த மேசையைத் துடைத்துவிட்டு அதில் குழந்தை ஏசு சொரூபத்தை வைத்தாள்.

அந்த வருசம் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் உத்தமபாளையத்தில் கரண்ட் இருக்காது. அதனால் டிவி தினமும் இருபத்திரண்டு மணி நேரம் ஓடும், அணையும், திரும்ப முதலிலிருந்து எண்ணுவார்கள். கிருபாவதி தினமும் பதிவேட்டில் எழுதினார்: இன்றும் இருபத்து நாலு மணி நேரம் ஓடவில்லை, காரணம் ஐயத்துக்குரியது. கரண்ட் போனதால்தானே நின்றது என்று அமிர்தராஜ் கேட்டார். கரண்ட் போனது மின்வாரியத்தின் தரப்பு, டிவி நின்றது டிவியின் தரப்பு, இரண்டையும் குழப்பக் கூடாது என்று சின்னச்சாமி புத்தி சொன்னார்.

பதினாலு நாள் இப்படிப் போனபின் டிவி ஐயத்துக்குரிய பொருள் என்று அறிவிக்கப்பட்டு, பெட்டிக்குள் போட்டு அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. அடுத்த பொதுக்குழுவில்தான் முத்திரையை உடைக்க முடியும். பெட்டியை எப்படி வைப்பது என்று கேள்வி வந்தபோது, அம்புக்குறி என்பது கம்பெனியின் கூற்று, கம்பெனியின் கூற்றுக்குப் பேரவை கட்டுப்படலாமா என்று ஒருவர் எழுந்தார். நியாயமாகப் பார்த்தால் இந்த இடத்திலாவது அமிர்தராஜ் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "படுக்கவே போடுங்க. அடியில என்னத்த மறைக்கிறான்னு பாத்துருவோம்" என்று சொன்னது அவர்தான். ஏகமனதாக நிறைவேறியது. படுத்த பெட்டி வாகான மேசையாக இருந்ததால் பேரவையின் பதினோரு வருசப் பதிவேடுகளை அதன்மேல் அடுக்கினார்கள்.

"ஆறு நாள் இருக்கு" என்று பாக்கியம் சொன்ன அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பேரவைக்கு ஓடினார். டிவியைக் கொடுத்துவிடுங்கள், மகன் அணிவகுப்பு முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து தருகிறேன், பிறகு எத்தனை மாசம் வேண்டுமானாலும் சோதியுங்கள் என்று கெஞ்சினார். அதுவும் முடியாதென்றால் பழைய டிவியையாவது கொடுங்கள், எம்புள்ள எறும்பாகவாவது தெரியட்டும் என்றார். பழையது ஒப்பீட்டுச் சான்று, அதுவும் முத்திரைக்குள் இருக்கிறது என்றார்கள்.

சின்னச்சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு பொருளை வீட்டுல கொண்டுபோய்ச் சேர்க்க இவ்வளவு அவசரப்படுறவர நான் கடைக்காரர்கள்லதான் பாத்திருக்கேன். உங்களுக்கும் அந்தக் கடைக்கும் என்ன சம்பந்தம்? ஒரே பங்குக் கோயில்னு சொல்றாகளே?"

தன்மேல் ஒருத்தன் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்பது அமிர்தராஜுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் வெளிறிப்போனதைப் பார்த்து கிருபாவதிதான் இடையில் புகுந்தார். குடியரசு தினத்தன்று பேரவையில் கொடியேற்று விழா இருக்கிறது. பதினெட்டு ஐயத்துக்கும் டிக் போட்டவர் என்ற முறையில் அமிர்தராஜுக்கு அன்றைக்கு விழிப்புணர்வுச் செம்மல் விருது கொடுப்பதாக முடிவாகியிருக்கிறது. அந்த மேடையிலேயே முத்திரையை உடைத்து டிவியைப் போட்டுவிடலாம், ஊரே அணிவகுப்பைப் பார்க்கட்டும், விடுமுறை நாளில் மின்வெட்டும் கிடையாது என்றார். அமிர்தராஜ் கும்பிட்டார்.

விழாவுக்கு வரச் சொல்லிப் பாக்கியத்தைக் கூப்பிட்டார். அவள் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பவுனுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சின்ன டிவி இருக்கிறது, அதில் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். "நீங்க அங்கன போயி அவன் மீசையில எத்தன முடின்னு எண்ணிட்டு வாங்க. எனக்கு அவன் வந்தாப் போதும்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு என்னவோ போல இருந்தது.

இருபத்தாறாம் தேதி ஒன்பதரைக்குக் கொடியேறியது. பத்து மணிக்கு அங்கே டெல்லியில் நடக்க ஆரம்பித்தார்கள், இங்கே சின்னச்சாமி பேச ஆரம்பித்தார். அமிர்தராஜ் மேடையில் மாலையோடு உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பேரவை ஆரம்பிச்சுப் பதினோரு வருசமாச்சு. நம்ம உறுப்பினர் ஒருத்தர்கூட எந்தப் பொருள்லயும் ஏமாந்ததாச் சரித்திரம் கிடையாது" என்றார் சின்னச்சாமி. கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தார். "ஏன்னா, ஒருத்தரையும் ஒரு பொருளையும் வாங்கவிட்டதில்ல. மிக்சி வாங்க வந்தவர் இன்னிக்கும் அம்மியிலதான் அரைக்கிறார். மோட்டார் வாங்க வந்தவர் தோட்டத்தையே வித்துட்டார். ஆனா ஏமாறல!"

மறுபடியும் கைதட்டினார்கள். மிக்சிக்காரர் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

பத்தே முக்காலுக்கு முத்திரை உடைந்தது. பதிவேடுகளை இறக்கினார்கள். பெட்டியை நிமிர்த்தும்போது உள்ளே சலசலவென்று ஏதோ சரிந்தது. வெளியே எடுத்தால் கண்ணாடியில் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை வரைக்கும் ஒரே கீறல். யாரோ பிளக்கைச் சொருகினார்கள். பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அசல் கருப்பு.

சின்னச்சாமி அளவுநாடாவை எடுத்துக் கீறலை அளந்தார். நாற்பத்திரண்டு இஞ்சு. மைக்கைப் பிடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "நான் அன்னிக்கே சந்தேகப்பட்டேன்! பேரவையோட சந்தேகம் இன்னிக்கு உங்க கண்ணு முன்னால நிரூபணமாயிருச்சு!" மண்டபமே எழுந்து நின்று தட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் அமிர்தராஜின் கையில் விருதைக் கொடுத்தார்கள். மரச்சட்டம் போட்ட சான்றிதழ். பழக்கதோஷத்தில் அவர் அதைத் திருப்பி அடியைப் பார்த்தார். அடியில் அட்டைதான் இருந்தது.

பஸ் பிடித்து ராயப்பன்பட்டிக்கு வரும்போது மணி ஒன்று. பாக்கியம் வீட்டுக்குள் நின்றாள். முகம் கழுவின மாதிரி இருந்தது, கழுவவில்லை. அவர் கையில் சான்றிதழைத் தவிர ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்தாள். டிவி என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "வந்தான். பாத்துட்டேன். ரெண்டு நிமிசங்கூட இருக்காது. ஆனா பாத்துட்டேன்" என்றாள்.

அந்தச் சின்னப் பெட்டியில் நூற்று நாற்பத்து நாலு பேர் ஒரே தொப்பியில் போகும்போது எப்படித் தெரிந்தது, உறுதியாகத் தெரியுமா, வேறு எவனாவதாக இருந்தால் என்று கேட்க அவர் வாயெடுத்தார். அதற்குள் போன் அடித்தது. பிரான்சிஸ். பாக்கியம் எடுக்கப் போனாள், அவன் அப்பாவைத்தான் கேட்டான்.

"அப்பா, பாத்தீகளா?"

அமிர்தராஜ் சுவரைப் பார்த்தார். "பாத்தேன்யா."

"நெசமாவா? எந்த வரிசையில போனேன், சொல்லுங்க பாப்போம்."

அவர் மகன் அல்லவா, அப்படித்தான் கேட்பான். அமிர்தராஜ் பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஒரு கை விரல்கள் அஞ்சையும் விரித்தாள். பிறகு இரண்டு விரலைக் காட்டி ஓரத்தைச் சுட்டினாள்.

"அஞ்சாவது வரிசை. ஓரத்துலருந்து ரெண்டாவது ஆளு."

அந்தப் பக்கம் அவன் குரல் உடைந்து வந்தது. "அம்மா எப்படியும் பாத்தேன்னுதான்பா சொல்லும், அது மனசு அப்படி. நீங்க சொன்னாத்தான் எனக்கு நிச்சயம். எதையும் கண்ணால பாக்காம ஒத்துக்கிற ஆளு இல்லயே நீங்க."

அமிர்தராஜ் ஆமாய்யா என்று சொல்லிப் போனைப் பாக்கியத்திடம் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். அறுபத்து மூன்று வயதில் ஒரே ஓர் ஆள் அவரை முழுசாக நம்பியிருக்கிறான். அதுவும் ஒரு பொய்யை.

பாக்கியம் பேசி முடித்துவிட்டு வந்தாள். அஞ்சாவது வரிசைதானா என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

"எப்படி நடந்தான்?" என்றுதான் கேட்டார்.

அவள் சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். முகத்தை வலது பக்கம் திருப்பி, கையைத் தோள் உயரத்துக்கு வீசி, வாசல்படியிலிருந்து அடுப்படி வரைக்கும் நடந்து காட்டினாள். அமிர்தராஜ் கண்ணை எடுக்காமல் பார்த்தார். சான்றிதழ் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, குனிந்து எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ நட பாக்கியம்" என்றார்.